பொருந்தும் சிற்றலை

பினாங்கு, ஆயர் ஈத்தாம். பதினெட்டு மாடி.
பி பிளாக்கின் இரண்டாவது லிஃப்ட்
பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
ஏதோ சொல்கிறது.

மிஸஸ் கூவுக்கு அது 'தொக்'.
ரொஹானா அக்காவுக்கு
வெளியே யாரோ நின்று கதவைத் தட்டுவது.
ஒன்பதாம் மாடி சவரிமுத்து சார்
எழுதியே கொடுத்துவிட்டார்: டமால் என்ற பயங்கர ஓசை.
இரவுக் காவலர் தில் பகதூர்
வாயைத் திறக்கவில்லை,
விரலைச் சொடுக்கிக் காட்டினார்.

அதிர்வுமானியை ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டி
இருபது முறை ஏறி இறங்கினேன்.
பதினான்காவது முறை ஒரு பையன்
டுரியான் பையோடு உள்ளே வந்தான்.
அந்தப் பதிவில் வாசனை விழவில்லை.

காவலர் அறை, மடிக்கணினி, ஆறிப்போன கோப்பி.
கல்லூரியிலிருந்து பழகிய டோபஷி நான்கைக் கொடுத்தேன்.
மென்பொருள் சிவப்பில் மறுத்தது:
இந்தச் சிற்றலை
தொடர் உருமாற்றத்துக்குப் பொருந்தாது.

பத்துப் பொருத்தமும் பார்த்த வரன்
வாசலோடு திரும்பிய மாதிரி இருந்தது.
அதன்மேல் குற்றமில்லை. எட்டு எண்களால் ஆனது அது,
பாதி, அதில் பாதி என்று
படியில் மட்டும் கால்வைத்து இறங்கும்.
எனக்கோ இரண்டு படிக்கு நடுவிலும்
நிற்கத் தெரிந்த ஒன்று வேண்டும்,
இழுத்தாலும் சுருக்கினாலும் முகம் மாறாமல்,
ஒரே வரியில் எழுதக்கூடிய சூத்திரத்தோடு.

பட்டியலைத் திறந்தேன்.
எல்லோருக்கும் பொதுவாய் ஒரு நிபந்தனை:
மேலே எழுந்த பரப்பும் கீழே தாழ்ந்த பரப்பும்
கூட்டினால் சுழியம்.
அந்த விதி லிஃப்டுக்குப் பழக்கம்தான்.

மெக்சிகன் தொப்பி,
நடுவில் மேடு, இருபக்கமும் பள்ளம்.
முப்பத்து நான்காம் நொடி என்று
ஊசிபோல் குத்திக் காட்டியது.
என்ன சுருதி என்று கேட்டால்
உதட்டைப் பிதுக்கியது.

மோர்லே சுருதி சொன்னது. ஆனால்
திரை முழுக்க வரிக்குதிரை,
ஒரே ஓசை இருப்பதும் இல்லாததுமாய்
கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

அதற்கு ஒரு துணை உண்டு,
கால் சுற்று பின்தங்கி வரும் இன்னொரு அலை.
இரண்டையும் சேர்த்தால்தான் கலப்பு மோர்லே.
'சலசல' என்கிறோமே,
பாதியை வெட்டி 'சல' என்றால்
ஆற்றுக்கே புரியாது. அப்படி.

அகலம் ஒன்றரை, மைய அதிர்வெண் ஒன்று.
பொத்தானை அழுத்தினேன்.

முப்பத்து நான்காம் நொடியில்
சின்னதாய் ஒரு பொட்டு.
தண்டவாள இணைப்பில் மயிரிழை மேடு,
சக்கரம் ஏறி விழுகிறது, அவ்வளவுதான்.

அதற்கும் வெகு கீழே
நான் தேடாத ஒரு மஞ்சள் பட்டை.
நொடிக்கு இருபத்து மூன்று துடிப்பு,
தரைத்தளத்திலிருந்து பதினெட்டு வரை
ஓரிடத்திலும் அறுபடாமல்.
உச்சிக் கப்பியின் தாங்கி தேய்கிறது.

இதைப்பற்றி ஒருவரும் புகார் தரவில்லை.
இத்தனை வருடம் அதை அவர்கள்
லிஃப்ட் என்றே நினைத்திருந்தார்கள்.

ஞாயிறு கூட்டத்தில் சொன்னேன்:
தாங்கியை மாற்ற வேண்டும். எட்டாயிரத்து நானூறு ரிங்கிட்.
"அப்போ 'தொக்' போயிடுமா?" மிஸஸ் கூ.
போகாது.
"அப்புறம் எதுக்குக் காசு?"

சவரிமுத்து சார் என் படத்தைத்
தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு
வெகுநேரம் பார்த்தார்.
கையெழுத்துப் போட்டவர் முதலில் அவர்தான்.

சாமான்களைக் கட்டிக்கொண்டு
கடைசியாய் ஒருமுறை ஏறினேன், கூடவே பகதூர்.
எட்டு, ஒன்பது, பத்து.
அவர் எண்களைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார்.
பதினொன்று தாண்டியதும்
சொடுக்கினார்.
லிஃப்ட் அதன்பிறகுதான் தட்டியது,
ஒரு மாத்திரை பிந்தி.